நெடுமொழியும் பாவ அறிக்கையும்: ‘கிராவிட்டி’ என்னும் நற்செய்தி ராப் தொகுப்பு

காஞ்சி மாநகரின் தென்பால், உத்திரமேரூர்க்குச் செல்லும் வழியில், பாலாற்றை அடுத்து ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. ‘ஓர் இரவு இருக்கை’ என்பதே காலப்போக்கில் ‘ஓரிக்கை’ என மருவிற்று என்பர். சொற்பிறப்பு நெறியில் இதனை ஐயுறுவார் ஐயுறுக. அப்பெயர்க்குக் காரணமாகக் குருபரம்பரை கூறும் வரலாறே ஈண்டு நமக்கு வேண்டுவது. திருமழிசையாழ்வாரின் மாணவராகிய கணிகண்ணரை நோக்கிப் பல்லவ மன்னன் தன்னைப் பாடுமாறு பணித்தான். அவர் மானிடனைப் பாட ஒருப்பட்டிலர். அரசனை விடுத்துக் கச்சி நகரைப் பாடினார். வெகுண்ட வேந்தன் அவரை நாடு கடத்தினான். மாணவர் செல்ல ஆசிரியரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொல்லைக் கேட்ட திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின் தொடர்ந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிக்கை. வேந்தன் பிழை பொறுக்க வேண்டி அவர்களை மீட்டு அழைத்துச் சென்றான் என்பதும், பெருமாளுக்குச் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்னும் பெயர் அதனால் வாய்த்தது என்பதும் யாவரும் அறிந்தன.

இவ்வரலாற்றில் பாட்டின் வடிவம் பற்றி வழக்கு ஒன்றும் எழவில்லை என்பது கருதத்தக்கது. மன்னன் கேட்டதும் செய்யுளே. கணிகண்ணர் கூறியதும் செய்யுளே. யாரைப் பாடுவது என்பது ஒன்றே அங்கு வழக்காயிற்று. ஒரே நாவும் ஒரே யாப்பும் மனிதன் புகழுக்கும் கருவியாகலாம், இறைவன் புகழுக்கும் கருவியாகலாம். ஆனால் மனிதன் தன்னையே புகழ்வதற்கென வளர்ந்த ஒரு வடிவத்தை இறைவன்பால் திருப்புதல் இயலுமா? இயலுமெனின் திருப்பியவழி அவ்வடிவம் பழைய வடிவமாகவே நிற்குமா? இவ்வினாக்களை நம் காலத்து எழுந்த ‘நற்செய்தி ராப்’ என்னும் பாட்டுவகையைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வகையிற் புகழ்பெற்ற ஒரு தொகுப்பினை, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞராகிய லெக்ரே என்பார் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட ‘கிராவிட்டி’யினை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ராப் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிக்கும் புலவர் உளர். திருமழிசையார் அருளிய திருச்சந்தவிருத்தத்தின் நூற்றிருபது பாக்களையும் வாய்விட்டு ஓதியவர் அங்ஙனம் சுளித்தற்கு உரியரல்லர். அசையும் சீரும் ஒன்றையொன்று துரத்த, பொருள் பின்னின்று ஓடிவர, நாவே முழவாகும் இன்பத்தை அவர் அறிவர்.

ராப் என்பது பண்ணிசைத்துப் பாடுவதன்று. தாளத்தோடு பொருந்தப் பேசுவது. நியூயார்க்கு நகரின் பிராங்ஸ் பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று நிகழ்ந்த ஒரு விருந்தில், சமேக்காவிலிருந்து குடியேறிய கூல் எர்க்கு என்னும் இளைஞர் இசைத்தட்டுக்களின் தாளப்பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்ததிலிருந்து இக்கலை பிறந்ததெனக் கணக்கிடுவர். அத்தாளத்தின்மேல் ஆடுவோரை ஊக்குவிக்கக் கூறிய சொற்களே நாளடைவில் தனிக்கலையாயின. பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட வட்டம். நம்மவர் சதுச்ர நடை என்று கூறுவது. இடையிடையே திசிரத்தில் ஓடுவதும் உண்டு. சொல் தாளத்திற்கு முந்தியும் பிந்தியும் எழும். அதீதம், அனாகதம் என நம் இசைநூலார் எடுப்பினை வகுத்தமை ஈண்டு நினைக்கத்தகும். தொடையை நோக்கின், ராப்பில் தலைமை பெறுவது அடியிறுதி ஒன்றி வரும் இயைபு. மோனை துணையாக வரும். தமிழுக்கே உயிர்போன்ற அடியெதுகை அங்கு இல்லை. நம் வண்ணப்பாக்களோடு ஒப்பிடுவார் ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. அருணகிரியார் ஒரு திருப்புகழில் முதலடிக்குக் கொண்ட குறில் நெடில் வைப்பினைப் பாட்டு முடியுங்காறும் பிறழாது காப்பர். ராப் பாடுவோர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆங்கிலம் அசையழுத்தத்தால் இயங்கும் மொழியாகலின் அவர் அழுத்தங்களைத் தாளத்தின்மேல் எறிந்து செல்வர். தொல்காப்பியனார் எண்ணிய இருபது வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் இவ்வோட்டத்திற்கு அணுக்கமாயின என்று மட்டும் கூறலாம். அதற்குமேல் இழுத்துப் பொருத்துதல் ஆராய்ச்சியாகாது.

வடிவினும் இன்றியமையாதது இக்கலையின் உள்ளியல்பு. ராப் பெரும்பான்மையும் தன்மையொருமைக் கூற்று. ‘யான்’ என்று தொடங்கித் தன் சொல்வன்மையையும், கடந்துவந்த இடர்களையும், ஈட்டிய பொருளையும், பகைவரை வென்ற திறத்தையும் கூறுவது. புறத்திணை நூலார் நெடுமொழி என்று கூறியதனோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். இத்தற்புகழ்ச்சியை வெறும் செருக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், நன்னூலார் பாயிரத்தில் ஒரு புலவன் தன்னைத் தானே புகழ்தல் தகும் இடங்கள் இவை என நான்கினை விதந்து ஓதினார். அவற்றுள் தன் ஆற்றலை அறியாதாரிடையே நின்ற காலமும், அவையில் வெற்றி பெற வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த வேளையும் அடங்கும். அடிமைகளின் வழித்தோன்றல்கள், தம் ஆற்றலை அறிய மறுத்த ஒரு நாட்டில், தம்மைப் பழித்த குரல்களுக்கு நடுவே நின்று கூறியது ராப். பவணந்தியார் வகுத்த விலக்கு அவர்க்குப் பொருந்துமாறு போல வேறொருவர்க்கும் பொருந்துமோ என்பது ஐயமே. இருவர் எதிரெதிர் நின்று சொல்லால் மோதும் ராப் வழக்கும் நமக்குப் புதிதன்று. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி பாடுவோர், எதிரியின் கல்வியையும் குலைத்து எள்ளும் திறத்தைக் கேட்டவர் இதனை உடன்படுவர்.

இனி, இவ்வடிவம் நற்செய்தியோடு கூடியவாற்றைக் காண்போம். கறுப்பினத்தார் சமயப் பாட்டில் இத்தகைய கலப்பு முன்னும் நிகழ்ந்தது. மதுக்கூடங்களில் ‘புளூசு’ பாடல்களை இசைத்துவந்த தாமசு தார்சி (1899–1993), பின்னர் அவ்விசையின் நெளிவையும் தாளத்தையும் திருச்சபைப் பாட்டிற் புகுத்தினார். கோயிலுக்குள் கூத்துக்கடையின் ஒலியா என்று பல சபையினர் அவரை வெறுத்தனர்; நாளடைவில் அவரே நற்செய்தி இசையின் தந்தை எனப் போற்றப்பட்டார். 1985இல் இசுதீபன் வைலி என்பார் வெளியிட்ட ஒலிநாடாவை முதல் நற்செய்தி ராப் தொகுப்பெனப் பலரும் கொள்வர். லெக்ரே 1979இல் ஊசுட்டன் நகரிற் பிறந்தவர்; தந்தையின் துணையின்றி வளர்ந்து, போதைப்பொருளிலும் தெருவாழ்விலும் உழன்று, கல்லூரிப் பருவத்தில் மனந்திரும்பியவர். இவற்றை 2016இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தாமே எழுதியுள்ளார். 2004இல் நண்பர் ஒருவரோடு கூடி ‘ரீச்சு ரெக்கார்ட்சு’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்தம் குழுவினர் தமக்கு 116 என்னும் எண்ணையே பெயராகக் கொண்டனர். பவுலடியார் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் பதினாறாம் வசனத்தை, நற்செய்தியைப் பற்றி வெட்கமுறேன் என்னும் கருத்துடையதனை, அவ்வெண் சுட்டும்.

‘கிராவிட்டி’ வெளிவந்த முதல் வாரத்திலேயே அமெரிக்க நாட்டு விற்பனைப் பட்டியலாகிய பில்போர்டில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. 2013 பெப்ருவரியில் சிறந்த நற்செய்தித் தொகுப்பிற்குரிய கிராமி விருதினையும் பெற்றது. அவ்விருது ராப் கலைஞர் ஒருவர்க்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. விருது பெற்றமையால் நாம் இதனைத் தேர்ந்தோமல்லோம். தலைப்பின் பொருட்டே தேர்ந்தோம். ‘கிராவிட்டி’ என்பது புவியீர்ப்பு. மேலெறிந்த யாதும் மண்ணை நோக்கியே விழும் என்னும் இயற்கை விதியைப் பாவத்திற்கு உவமமாக்கினார் ஆசிரியர். மனிதன் எத்துணை உயர எழும்பினும் அவனுள் இருக்கும் பாரமே அவனைக் கீழ்நோக்கி இழுக்கும். தன் வலியால் அவன் அதனை வெல்ல இயலாது. தமிழ்ச் சமயப் பாவலர் வினைப்பாரம் என்று கூறியதும் இதனோடு ஒருபுடை ஒக்கும். ஒரு வேற்றுமை உண்டு. வினைப்பாரம் பிறவிதோறும் உயிர் தானே ஈட்டியது. புவியீர்ப்போ பிறந்த உலகிற்கே பொதுவானது. ஆதாமின் வீழ்ச்சியால் படைப்பு முழுதும் சாய்ந்தது என்னும் கிறித்தவக் கோட்பாட்டிற்கு இரண்டாவது உவமமே சாலப் பொருந்துவது. சமயக் கொள்கையின் நுட்பம் ஒன்று ஒரு சொல்லிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

தொகுப்பில் பதினைந்து உருப்படிகள் உள. அவற்றுள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. சில இக்கலைக்கு இயல்பான ஆரவாரமேயன்றி வேறில. பொருள் செறிந்தவற்றை மட்டும் நோக்குவோம். ‘கன்பெசன்சு’, அதாவது பாவ அறிக்கை, எனப் பெயரிய பாட்டின் தலைப்பில் சகர ஒலிக்குரிய இரண்டு எழுத்துக்களுக்கு மாற்றாக அமெரிக்க நாணயமாகிய டாலரின் குறியை இட்டனர். எல்லாம் ஈட்டிய செல்வர் தம் வறுமையைக் கூறும் பாட்டு அது. நாணயக்குறி இல்லாமல் அச்சொல்லை எழுதவே இயலாது என்னும் நிலையை எழுத்திலேயே காட்டியது, சித்திரகவி வல்ல நம் புலவர்க்கும் உவப்பளிக்கும். ராப் உலகில் பொருளீட்டல் புகழ்ச்சிக்குரியது. அதே பொருள் இங்கு அறிக்கையிட வேண்டிய குற்றமாகிறது. விவிலியத்தின் பிரசங்கி நூலைப் பயின்றார்க்கு இதன் மூலம் விளங்கும். அரசனாகி, பொன்னும் பொழிலும் மகளிரும் எய்தி, ஞாயிற்றின் கீழ் எல்லாம் வறிது எனக் கண்டவன் கூற்று அந்நூல். எபிரேய மூலத்தில் அங்கு ஆளப்பட்ட சொல்லுக்கு மூச்சு, ஆவி என்பன பொருள். தமிழில் பெயர்த்தோர் ‘மாயை’ என்னும் சொல்லைத் தேர்ந்தனர். வேதாந்தத்தின் மாயையோடு அதனை மயங்கக் கொள்ளுதல் பிழை. உலகு பொய்த்தோற்றம் என்று பிரசங்கி கூறவில்லை. கையிற் பிடிக்குமுன் கரைந்தொழியும் மூச்சுப்போல்வது என்றே கூறினான். லெக்ரேயின் செல்வர் கூறுவதும் அதுவே.

‘மேடே’ என்பது கப்பலும் வானூர்தியும் இடருற்றவழி எழுப்பும் அபயக்குரல். அப்பெயர்கொண்ட பாட்டில் மிசிசிப்பி மாநிலத்தவராகிய பிக் கிரிட் என்னும் ராப் கலைஞர்க்கு இடமளித்துள்ளார். அவர் சமயப் பாட்டுக் குழாத்தினர் அல்லர். நம்பிக்கை உண்டாயினும் நெறியில் நிலைபெறாத ஒருவன் கூற்றாக அவர் பகுதி அமைகிறது. அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று என வேறுபட்ட கூற்றுக்கள் ஒரு நிகழ்ச்சியைப் பல பக்கமாகக் காட்டுதல்போல, மீட்கப்பட்டவன் கூற்றோடு இன்னும் மீட்கப்படாதவன் கூற்றும் இத்தொகுப்பில் இடம்பெறுகிறது. கரையேறியவன் மட்டும் பேசுவதாயின் அபயக்குரல் என்னும் தலைப்பிற்கே பொருளின்றாம். பக்தியுடையார் சிலர் இதனைக் குறையெனக் கூறினும், நம் கருத்தில் தொகுப்பின் சிறந்த பகுதிகளுள் ஒன்று இது. இறுதிப் பாட்டாகிய ‘லக்கி ஒன்சு’, நற்பேறு பெற்றோர் எனும் பொருளது. தகுதியின்றிப் பெற்ற இரக்கத்தைக் கூறுவது. ‘உழைத்தேன், வென்றேன்’ என முடிவது ராப்பின் மரபு. ‘பெற்றேன், பெறுதற்கு உரியேனல்லேன்’ என இத்தொகுப்பு முடிகிறது. இதன் ஆன்மிகச் செய்தி யாது என வினவுவார்க்கு இம்முடிபையே விடையாகக் காட்டலாம். கொள்கைகளை வரிசையாக எடுத்தோதி அது போதிக்கவில்லை. நெடுமொழி கூறும் வாயால் நைச்சியம் கூறச் செய்தலே அதன் போதனை.

இவ்விடத்தே எழும் தடை எளியதன்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த சமய மாநாடு ஒன்றில் பேசிய சிலர் கிறித்தவ ராப்பை அறவே கடிந்தனர். தன்னை உயர்த்தும் பொருட்டுப் பிறந்த வடிவம், சொற்களை மாற்றினும் தன்னையே உயர்த்தும் என்பது அவர் வாதத்தின் சாரம். கறுப்பினத்தார் கலை மீதுள்ள இகழ்ச்சி அவ்வாதத்தில் கலந்திருந்தது எனப் பலர் மறுத்தனர். அவருள் ஒருவர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். இகழ்ச்சியை நீக்கிவிட்டு வாதத்தை மட்டும் கொள்ளினும் அதில் ஓர் உண்மை எஞ்சுகிறது. யான் பெரும்பாவி என்று பல்லாயிரவர் முன் தாளமிட்டுக் கூறுதலும் ஒருவகை நெடுமொழியாகலாம். பாவத்தின் பெருமை பேசுவோன், மனந்திரும்புதற்கு முன் தான் ஆடிய ஆட்டங்களைச் சுவைபடக் கூறுங்கால், கேட்போர் எதனைச் சுவைக்கின்றனர்? நற்செய்தி ராப் தொகுப்புக்கள் பலவற்றில் இவ்விடர் உண்டு. ‘கிராவிட்டி’யும் முற்றும் நீங்கியதன்று. ஆழ்வார்களின் நைச்சியப் பாசுரங்களையும் மாணிக்கவாசகரையும் நோக்கினால், அவர் தம் குற்றத்தை விரித்துரையாது இழிவை மட்டும் கூறி விரைந்து இறைவன்பாற் செல்வதைக் காணலாம். கணிகண்ணர் அரசனைப் பாடாதொழிந்தார். தம் துணிவையும் பாடிற்றிலர். நற்செய்தி ராப் பாடுவோர்க்கு அவ்விரண்டாவது துறவே அரிதாகிறது.

வடிவமே தீது என்பார்க்குத் தமிழ்நாட்டு வரலாறு விடையளிக்கிறது. தஞ்சையில் சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பாடினார். அதே தஞ்சையில், சுவார்ட்சு ஐயரிடம் சரபோசியோடு பயின்ற வேதநாயக சாத்திரியார் (1774–1864) கிறித்துவைத் தலைவராக்கிப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். உலாப்போந்த தலைவனைக் கண்டு தலைவி மயங்குவதும், குறத்தி குறி கூறுவதும், சிங்கன் கண்ணிவைத்துப் பறவை பிடிப்பதும் குறவஞ்சிக்கு உரியன. சாத்திரியார் அவற்றை விலக்கவில்லை. தலைவியைத் தேவமோகினி எனத் திருச்சபைக்கு உருவகமாக்கினார். பறவை பிடித்தலை உயிர்களை நற்செய்தி வலையில் அகப்படுத்துதலாக மாற்றினார். காமச்சுவைக்குரிய உறுப்பு நீக்கப்படாமல் திரும்பியது. லெக்ரே தற்புகழ்ச்சியைச் செய்தது இதுவே என்பது நம் துணிபு. சாத்திரியாரிடத்தும் வடிவம் திரும்பிய அளவு வாழ்வு திரும்பிற்றா என்பது வேறு வினா. திருச்சபையினுள் சாதி வேறுபாட்டைக் களைய முற்பட்ட மிசனரிமாரோடு அவர் கடுமையாக வழக்காடி, பழைய வேறுபாட்டைக் காக்கவே எழுதினார். அவர் கவிதையை மதிப்பார் இதனை மறைத்தல் தகாது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியின் ஆசிரியராயிருந்த தியாபிலசு அப்பாவு (1940–2005), ‘பறட்டை’ என்னும் புனைபெயரோடு, அவ்விடத்தினின்றே தம் பணியைத் தொடங்கினார் எனலாம். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள் உயர்சாதியார் சுவையைத் திருச்சபையில் நிலைநாட்டின. ஒடுக்கப்பட்டார் இசைக்கருவியாகிய பறைக்கு அங்கு இடமில்லாதிருந்தது. அப்பாவு நாட்டார் மெட்டுக்களில் முழுவழிபாட்டு முறை ஒன்றையே அமைத்தார். சிற்றூர்ப் பேச்சுவழக்கும் ஏற்றப்பாட்டின் எடுப்பும் தொடுப்பும் அதில் வழிபாட்டு மொழியாயின. ஒரே உலையிற் சமைத்து யாவரும் உண்ணும் குடும்பம் என்பது அவர் இறையியலின் நடுவண் நிற்கும் உருவகம். அப்பாவுவின் பாட்டும் லெக்ரேயின் பாட்டும் தாழ்த்தப்பட்டார் கலையினின்று எழுந்தவை. இரண்டும் தாளத்தை முன்னிறுத்துபவை. இரண்டும் கோயிற்குத் தகாதவை எனத் தடுக்கப்பட்டவை. வேற்றுமை இலக்கணத்தில் உளது. ‘கிராவிட்டி’யின் எழுவாய் ‘யான்’. பாவம் செய்தவனும் தனியன், மீட்கப்பட்டவனும் தனியன். துணைவர் பலர் வந்து பாடினும் ஒவ்வொருவரும் தத்தம் யானையே பேசுவர். அப்பாவுவின் எழுவாய் ‘நாம்’. அங்குப் பாவம் ஒருவன் நெஞ்சத்தே மட்டும் உள்ளதன்று. சேரிக்கும் ஊர்க்கும் இடையே கிடக்கும் வெளியில் உள்ளது.

தமிழில் ராப் வேரூன்றிவிட்டது. 1994இல் திரைப்படத்தில் வந்த ‘பேட்டை ராப்’பினை அடுத்து, மலேயத் தமிழராகிய யோகி பியும் நட்சத்திரக் குழுவினரும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டனர். 2018இல் சென்னையில் மேடையேறிய ‘காசுட்லெசு கலெக்டிவ்’ குழுவினர் கானாவையும் ராப்பையும் கூட்டிச் சாதியொழிப்பைப் பாடினர். கிறித்தவ இளைஞரும் இவ்வடிவைக் கையாள்கின்றனர். அவர் ஆங்கிலத்தைப் பின்பற்றி அடியிறுதி இயைபை மட்டும் நம்பும்போது தமிழ்த் தொடை நெகிழ்ந்து, வினைமுற்று ஈறுகளே மீண்டும் மீண்டும் ஒலிப்பதைச் செவியுடையார் உணர்வர். ‘ஆன்’, ‘ஆர்’, ‘ஏன்’ என முடியும் தமிழ் வினைகள் இயைபை மிக எளிதாக்கி, எளிதாக்கியதனாலேயே சுவையற்றதாக்கிவிடுகின்றன. எதுகையை அடித்தலையில் வைத்துத் தாளத்தின் முதல் எண்ணிக்கையோடு பொருத்துவாராயின், கும்மியும் சிந்தும் பழகிய செவிக்கு அது அயலாகத் தோன்றாது. பாட்டின் எழுவாய் அப்பொழுது ‘யான்’ ஆகுமோ, ‘நாம்’ ஆகுமோ என்பதைத் தொகுப்புக்களை ஒலிவடிவிலேயே திரட்டி, பாட்டுத்தோறும் தன்மைப் பெயர்களை எண்ணி ஆராயும் பணி முதுகலை மாணவர்க்குக் காத்திருக்கிறது.